லேடி டாக்டரா, ஆண் டாக்டரா? பெண்கள் ஓ.பி.யில் என்னிடம் கேட்ட கேள்விகள்

பத்தொன்பது வருடம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தேன், பெரும்பகுதி பிரசவ வார்டிலும் பெண்கள் ஓ.பி.யிலும். பெண்கள் என் மேசைப் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்கும் முதல் கேள்வி நோயைப் பற்றி இருக்காது, "உள்ளே லேடி டாக்டர் இருக்காங்களா சிஸ்டர்?" என்றுதான் இருக்கும். இல்லை என்றால் சிலர் அப்படியே திரும்பிப் போவார்கள். போனவர்களில் சிலர் ஆறு மாதம் கழித்து ரத்தம் சுண்டி, முகம் வெளுத்து, நடக்க முடியாமல் வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

வேலையை விட்ட பிறகும் சொந்தக்காரப் பெண்கள், அக்கம்பக்கத்தார், அவர்களுடைய மகள்கள் என்று போனில் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்ததைப் பதிலாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி நடைமுறையை மனதில் வைத்து எழுதியது இது.

லேடி டாக்டர்தான் வேணும்னு கேட்டா தப்பா நினைப்பாங்களா?

நினைக்க மாட்டார்கள், தாராளமாகக் கேளுங்கள். படிக்காத பெண்கள்தான் கூச்சப்படுவார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது, அது உண்மையில்லை. கல்லூரிப் பேராசிரியை கேட்டிருக்கிறார், என்னோடு வேலை பார்த்த நர்ஸ்களே தங்களுக்கு என்று வரும்போது கேட்டிருக்கிறார்கள். நம் உடம்பை யாரிடம் காட்டுவது என்று நாம் யோசிப்பதில் என்ன தப்பு இருக்கிறது?

தனியார் ஆஸ்பத்திரி என்றால் டோக்கன் போடும்போதே போனில் சொல்லிவிடுங்கள், உள்ளே போய் உட்கார்ந்த பிறகு சொல்வதைவிட அது சுலபம். பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொரு கிழமையும் ஒரு யூனிட் ஓ.பி. பார்க்கும், எந்த நாளில் யார் என்று நர்ஸிடம் கேட்டால் தெரியும். இப்போது மகப்பேறு மேற்படிப்பில் சேர்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான், அதனால் பல ஊர்களில் நீங்கள் கேட்காமலே லேடி டாக்டர்தான் இருப்பார்.

ஆம்பளை டாக்டருக்கு நம்ம வலி எப்படிப் புரியும்? அவருக்கு என்ன தெரியும்?

மாதவிலக்கு வலியை அனுபவித்தவர் இல்லை என்பது உண்மை. ஆனால் படிப்பு ஒன்றுதான், பார்க்கும் கேஸ்கள் ஒன்றுதான், தேர்வும் ஒன்றுதான். பிரசவத்தைப் பற்றி நம் நாட்டு மருத்துவ மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்து வரும் பாடநூலை எழுதிய ஆ. லட்சுமணசுவாமி முதலியாரும் எம்.கே. கிருஷ்ண மேனனும் ஆண்கள்தான். முதலியார் எழும்பூர் தாய் சேய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். 1938-இல் வந்த அந்தப் புத்தகத்தைப் படித்துத்தான் எத்தனையோ லேடி டாக்டர்கள் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள்.

வலி புரிவது வேறு விஷயம். அது கேட்கும் காதைப் பொறுத்தது, எட்டாவது கேள்வியில் அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன்.

முதல் தடவை போறேன். போன உடனே படுக்கவச்சு உள்ளே பார்த்துடுவாங்களா?

இந்தப் பயத்தால்தான் பாதிப் பேர் ஆண் டாக்டர் வேண்டாம் என்கிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். முதலில் பேச்சுதான். கடைசியாக என்றைக்கு பீரியட்ஸ் வந்தது, எத்தனை நாள் போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி கட்டியாகப் போகிறதா, வெள்ளைப்படுதல் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார்கள். தேதியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அங்கே போனால் பதற்றத்தில் மறந்துவிடும். அப்புறம் பிரஷர், எடை, தேவைப்பட்டால் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பது, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். நிறைய பேருக்கு அதோடு முடிந்துவிடும்.

உள் பரிசோதனை தேவை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்: ரத்தப்போக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, புண் இருக்கிறதா என்று பார்க்க, கர்ப்பப்பை இறங்கியிருக்கிறதா என்று பார்க்க. என்ன காரணம் என்று நீங்கள் கேட்கலாம். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள், முழங்காலை மடக்கிப் படுக்க வேண்டும், கையுறை போட்டுக்கொண்டு ஒன்றோ இரண்டோ விரலால் உள்ளேயும் மற்றக் கையால் அடிவயிற்றின் மேலேயும் பார்ப்பார்கள். சில சமயம் ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்து விரித்துப் பார்ப்பார்கள். ஒன்றிரண்டு நிமிட வேலை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பை இறுக்கினால் வலி கூடும், வாயால் மெதுவாக மூச்சை விட்டால் குறையும். தாங்க முடியவில்லை என்றால் "நிறுத்துங்க" என்று சொன்னதும் நிறுத்த வேண்டியது அவர்கள் கடமை, டாக்டர் ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும்.

எனக்குக் கல்யாணம் ஆகலை. எனக்கும் அப்படிப் பார்ப்பாங்களா?

பெரும்பாலும் இல்லை. உடலுறவு பழக்கமே இல்லாத பெண்ணுக்கு ஸ்கேனை வயிற்றின் மேலேதான் எடுப்பார்கள், அதற்காகத்தான் தண்ணீர் குடித்துவிட்டு சிறுநீர்ப்பை முட்ட இருக்கச் சொல்வது. நீர்க்கட்டி, பீரியட்ஸ் தள்ளிப்போவது போன்ற பிரச்சினைகளை அதிலும் ரத்தப் பரிசோதனையிலும் பார்த்துவிடலாம்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் டாக்டர் "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்பது உண்மையில் உடலுறவு உண்டா என்பதற்கான கேள்வி, நேராகக் கேட்கக் கூச்சப்பட்டு அப்படிக் கேட்கிறார்கள். கல்யாணம் ஆகவில்லை ஆனால் உறவு உண்டு என்றால் அதைச் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கர்ப்பம், தொற்று இரண்டையும் அவர்கள் யோசிக்காமலே போய்விடலாம். அம்மா பக்கத்தில் இருந்தால் "தனியா ஒரு நிமிஷம் பேசணும் டாக்டர்" என்று சொல்லுங்கள். நோயாளி சொன்னதை வெளியே சொல்லாமல் காப்பது டாக்டரின் தொழில் கடமை. சொல்வதற்கு லேடி டாக்டர்தான் வசதி என்றால் இந்த விஷயத்துக்கு அவரையே தேடிப் போங்கள், நான் தடுக்க மாட்டேன். சில பெண்கள் நேர்மாறாக, "லேடி டாக்டர்னா அம்மா மாதிரி திட்டுவாங்க, ஆண் டாக்டர்கிட்டதான் சொல்ல முடிஞ்சது" என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

ஆண் டாக்டர் பார்க்கும்போது கூட யாராவது இருக்கலாமா, வெளியே போகச் சொல்வாங்களா?

இருக்கலாம். ஆண் டாக்டர் ஒரு பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் அங்கே இருக்க வேண்டும் என்பது நோயாளியின் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்திலேயே இது இருக்கிறது. நர்ஸாக இருக்கலாம், உங்கள் அக்காவாகவோ மாமியாராகவோ இருக்கலாம். நல்ல டாக்டர் நீங்கள் கேட்பதற்கு முன்பே "சிஸ்டர், உள்ளே வாங்க" என்று கூப்பிடுவார், நான் வேலை பார்த்த இடத்தில் இருந்த ஆண் டாக்டர் நான் வரும்வரை திரைக்கு உள்ளேயே போக மாட்டார். அவருக்கும் அது பாதுகாப்புதான்.

கூட்டம் அதிகமாக இருக்கும் ஓ.பி.யில் நர்ஸ் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருப்பார், அந்த நேரத்தில் இது விட்டுப்போகிறது. அப்போது "சிஸ்டர் வரட்டும் சார், நான் வெயிட் பண்றேன்" என்று சொன்னால் போதும். சண்டை போட வேண்டாம், ஆனால் சொல்லாமல் இருக்கவும் வேண்டாம்.

ஸ்கேன் எடுக்கறவர் ஆம்பளையா இருந்தா?

அதே பதில்தான். ஸ்கேன் அறையிலும் ஒரு பெண் உதவியாளர் இருக்க வேண்டும், பார்க்க வேண்டிய இடத்தை மட்டும் திறந்து மற்றதைத் துணியால் மூட வேண்டும். உள்வழி ஸ்கேன் என்றால் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். உங்களுக்கு அது வேண்டாம் என்றால் வயிற்றின் மேலே எடுத்தால் போதுமா என்று கேளுங்கள், சில கேஸ்களில் போதும், ஆரம்ப கர்ப்பத்தில் சில நேரம் போதாது.

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில பசங்க கூட்டமா வந்து நிக்கறாங்க, ரொம்பக் கூச்சமா இருக்கு.

இது நியாயமான வருத்தம், நானே அந்த அறையில் நின்று பலமுறை சங்கடப்பட்டிருக்கிறேன். மாணவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அவசியம், அவர்களில் ஆண்களும் இருப்பார்கள். ஆனால் உங்களிடம் கேட்காமல் பத்துப் பேர் திரைக்குள் வருவது சரியில்லை. "இத்தனை பேர் வேண்டாம் மேடம், ஒருத்தர் இரண்டு பேர் இருக்கட்டும்" என்றோ, ஒருவரும் வேண்டாம் என்றோ சொல்லலாம், அதற்காக உங்கள் சிகிச்சையைக் குறைக்க முடியாது. மயக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் முன்பே சம்மதம் வாங்காமல் மாணவர்கள் உள் பரிசோதனை செய்து பழகுவது கூடவே கூடாத காரியம்.

லேடி டாக்டர்னா அன்பா பார்ப்பாங்கன்னு போனேன், அவங்கதான் ரொம்பத் திட்டினாங்க. ஏன் சிஸ்டர்?

இதைக் கேட்காத வாரமே எனக்கு இல்லை. வலியில் கத்துகிற பெண்ணைப் பார்த்துச் சொல்லக் கூடாத வார்த்தைகளைச் சொன்ன பெண்களைப் பார்த்திருக்கிறேன், டாக்டர்கள் மட்டும் இல்லை, எங்கள் நர்ஸ்களும் ஆயாக்களும்தான். வேலைப் பளு, தூக்கமில்லாத இரவு, முப்பது பேருக்கு ஒரு நர்ஸ் என்று காரணங்கள் உண்டு. ஆனால் அடிபட்டது அந்தப் பெண்தானே, அவளுக்கு அந்தக் காரணங்களால் என்ன பயன்? நானும் ஒரு தடவை குரலை உயர்த்தியிருக்கிறேன், அந்தப் பெண்ணின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"எனக்கும் இந்த வலி வந்தது, நான் தாங்கினேன், நீயும் தாங்கு" என்று சொல்கிற மனசு பெண்களுக்குள் இருக்கிறது. அனுபவித்ததாலேயே இளகிவிடுகிறவர்களும் உண்டு, இறுகிவிடுகிறவர்களும் உண்டு. ஆண் டாக்டர்களில் சிலர், தங்களுக்குத் தெரியாத வலி என்பதாலேயே, கேட்டுக் கேட்டுப் பார்ப்பார்கள். வேறு சிலர் "எல்லாருக்கும் வர்றதுதானே" என்று ஒரு மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள்.

அதனால் டாக்டரைத் தேடும்போது பெயர்ப் பலகையோடு நிற்காமல், அங்கே போய் வந்த பெண்ணிடம் மூன்று விஷயம் விசாரியுங்கள். பேசி முடிக்கவிட்டாரா? தொடுவதற்கு முன் என்ன செய்யப் போகிறேன் என்று சொன்னாரா? திரையை இழுத்து மூடினார்களா? இந்த மூன்றும் இருந்தால் ஆணா பெண்ணா என்ற கேள்வியின் பாரம் பாதி இறங்கிவிடும்.

லேடி டாக்டர் பார்த்தா சீக்கிரம் குணமாகும்னு ஆராய்ச்சி சொல்லுதாமே?

போனில் சுற்றும் செய்திக்கு அடியில் நிஜ ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவில் 2016 முதல் 2019 வரை ஆஸ்பத்திரியில் சேர்ந்த 65 வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்து ஓர் ஆய்வு 2024-இல் வந்தது. பெண் டாக்டர் பார்த்த பெண் நோயாளிகளில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 8.15 சதவீதம், ஆண் டாக்டர் பார்த்தவர்களில் 8.38 சதவீதம். கனடாவின் ஒன்டாரியோவில் 13 லட்சம் பேரின் ஆபரேஷன்களைப் பார்த்த இன்னொரு ஆய்வில், ஆண் சர்ஜன் ஆபரேஷன் செய்த பெண்களுக்குச் சிக்கல் வருகிற வாய்ப்பு 15 சதவீதம் கூடுதலாக இருந்தது.

இரண்டையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்களின் வலியைச் சின்னதாக நினைக்கும் பழக்கம் வைத்தியத்தில் இருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். ஆனால் அவை கூட்டத்தைப் பற்றிய கணக்கு, உங்கள் ஊரில் இருக்கும் இந்த டாக்டரைப் பற்றியது இல்லை. முதல் ஆய்வு பொது மருத்துவம், பிரசவம் இல்லை. இதை நம்பி நல்ல ஆண் டாக்டரிடம் ஓடிக்கொண்டிருக்கும் சிகிச்சையைப் பாதியில் விடாதீர்கள்.

நடுராத்திரி வலி வந்து, டியூட்டியில ஆண் டாக்டர் மட்டும் இருந்தா என்ன பண்றது?

உள்ளே போங்கள். இந்த ஒரு பதிலில் மட்டும் நான் "உங்கள் விருப்பம்" என்று சொல்ல மாட்டேன்.

திண்டிவனத்தில் 1890-களில் நடந்தது இது. ஜான் ஸ்கடர் என்ற மிஷனரி டாக்டரின் மகள் ஐடா ஸ்கடர் அப்போது டாக்டருக்குப் படிக்கவில்லை, படிக்கும் எண்ணமும் இல்லை. ஒரே ராத்திரியில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள், ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு உயர்சாதி இந்து. மூன்று பேருடைய மனைவியும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள். என் அப்பா டாக்டர், அவர் வருவார் என்று ஐடா சொன்னார். அந்நிய ஆண் எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்கக் கூடாது, நீங்கள்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு மூவரும் போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஐடா அமெரிக்கா போய் 1899-இல் டாக்டராகி, திரும்பி வந்து வேலூரில் ஆஸ்பத்திரி தொடங்கினார், 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியும் ஆரம்பித்தார். இன்றைய சி.எம்.சி. அதிலிருந்து வளர்ந்ததுதான். அந்த மூன்று பெண்களிடமும் யாராவது "உனக்கு யார் பார்த்தால் சம்மதம்?" என்று கேட்டிருப்பார்களா? அந்தக் கதையைப் படித்ததிலிருந்து எனக்குள் இருக்கிற கேள்வி அது.

பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்காவிட்டால் சில மணி நேரம்கூடத் தாங்காது. ரத்தப்போக்கு, வலிப்பு, பனிக்குடம் உடைந்து பச்சையாகத் தண்ணீர் போவது, குழந்தை அசைவு குறைவது, தலைவலியோடு கண் மங்குவது, இதில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு, யார் இருக்கிறாரோ அவரிடம் போங்கள். வலியில் இருக்கும்போது சுமார் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை கை வைத்துப் பார்ப்பார்கள், அப்போது நர்ஸ் பக்கத்தில் இருப்பார். நம் அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையாளை அனுமதிக்கிறார்கள், அம்மாவையோ அக்காவையோ முன்கூட்டியே தயார்ப்படுத்தி வையுங்கள்.

எனக்குப் பிரச்சினை இல்லை, என் வீட்டுக்காரர்தான் ஆண் டாக்டர் வேண்டாங்கறார்.

பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் உடம்புக்குச் சம்மதம் சொல்ல வேண்டியது அவள்தான். கருக்கலைப்புச் சட்டத்தில்கூட அவளுடைய கையெழுத்து மட்டும் போதும், கணவர் கையெழுத்து வேண்டியதில்லை. அப்படியும் சில ஆஸ்பத்திரிகளில் பழக்கத்தில் கேட்கிறார்கள்.

சட்டத்தைச் சொல்லி வீட்டில் ஜெயிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஏழாம் மாதத்தில், நிதானமாக இருக்கும்போது பேசிவிடுங்கள், வலி வந்த பிறகு இல்லை. முடிந்தால் ஒரு தடவை கணவரையும் அந்த டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நேரில் பார்த்துப் பேசி, நர்ஸ் கூட இருப்பதைப் பார்த்ததும் மாறின ஆண்கள் நிறைய பேர்.

நாங்க முஸ்லிம் குடும்பம். மார்க்கத்தில் அனுமதி உண்டா?

மார்க்கத் தீர்ப்பு சொல்ல நான் ஆள் இல்லை. என் வார்டில் பிரசவித்த பெண்களும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் சொன்னது இதுதான்: பெண் மருத்துவர் இருந்தால் அவரிடம் போக வேண்டும், இல்லாதபோது நிர்ப்பந்தத்துக்கு ஆண் மருத்துவர் தேவையான அளவு பார்க்கலாம். உங்கள் ஜமாஅத்தில் நீங்கள் நம்பும் ஆலிமிடம் முன்பே கேட்டு மனதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

இந்தத் தேவையை நம் ஊர் ரொம்ப முன்பே மதித்திருக்கிறது. சென்னை திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரியை வயதானவர்கள் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள், கோஷா என்றால் திரைமறைவு. 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்த மேரி ஷார்லீப் என்ற பெண், ஆண் டாக்டரிடம் போகாத பெண்களுக்காக 1885-இல் தொடங்கியது அது. முஸ்லிம் பெண்கள் மட்டும் இல்லை, சாதி இந்துப் பெண்களும் அங்கேதான் வந்தார்கள். கூச்சம் எந்த ஒரு மதத்துக்கும் சொந்தமில்லை.

ஆபரேஷன் தியேட்டர்ல மயக்க டாக்டர், உதவியாள் எல்லாம் ஆம்பளைங்களா இருந்தா?

இருக்கலாம். லேடி டாக்டர்தான் சிசேரியன் செய்கிறார் என்றாலும் மயக்க டாக்டரும் குழந்தை டாக்டரும் ஆணாக இருக்க வாய்ப்பு உண்டு. உடம்பைச் சுத்தம் செய்வது, சிறுநீர்க் குழாய் போடுவது போன்றவற்றைப் பெண் நர்ஸ் செய்யட்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆபரேஷன் தொடங்கியதும் பச்சைத் துணி எல்லாவற்றையும் மூடிவிடும், வெட்டும் இடம் மட்டும் தெரியும்.

பிரச்சினை எதுவும் இல்லை, கேன்சர் பரிசோதனைக்கு மட்டும் போகச் சொல்றாங்க. அதுக்கும் டாக்டரா பார்ப்பாரு?

பெரும்பாலும் டாக்டரே இல்லை, பயிற்சி பெற்ற பெண் நர்ஸ்தான்! இதைச் சொன்னதும் எத்தனை பேர் முகம் மாறியது தெரியுமா. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். ஸ்பெகுலம் வைத்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தொட்டு வைத்து, ஒரு நிமிடம் காத்திருந்து பார்ப்பார்கள். வெள்ளையாக மாறினால் மேல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். வெள்ளையாக மாறினாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை.

2019 முதல் 2021 வரை எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஒரு தடவையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம்தான். நாடு முழுக்க எடுத்தால் 1.9. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும், 99 சதவீதத்துக்கும் மேல். அதே பெண்கள், அதே சுகாதார நிலையம். கூச்சத்தோடு "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்ற நினைப்பும் சேர்ந்து தடுக்கிறது. ஆண் டாக்டர் பயம் ஒன்றுதான் காரணம் என்றால் இந்தப் பரிசோதனைக்கு அது பொருந்தவே பொருந்தாது, நாளைக்கே போகலாம்.

டாக்டர் தப்பா தொட்டாரா, பரிசோதனைதானான்னு எப்படித் தெரியும்?

பரிசோதனைக்குக் காரணம் சொல்லப்படும், கையுறை இருக்கும், கூட ஒரு பெண் இருப்பார், தேவையான இடத்தைத் தாண்டிப் போகாது, உங்கள் உடம்பைப் பற்றி வர்ணனை இருக்காது. காய்ச்சலுக்குப் போனவளின் மார்பைக் காரணம் சொல்லாமல் தொடுவது, எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைத் தாழ் போடுவது, கையுறை இல்லாமல் உள்ளே பார்ப்பது, சம்பந்தமில்லாமல் படுக்கையறைக் கதை கேட்பது, இவை பரிசோதனை இல்லை. மனதுக்குள் ஏதோ சரியில்லை என்று பட்டால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள், மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று யோசிக்க வேண்டாம்.

புகார் கொடுக்க இடங்கள் இருக்கின்றன. ஆஸ்பத்திரியின் உள் புகார்க் குழுவிடம் நோயாளியும் புகார் கொடுக்கலாம், 2013-இல் வந்த பணியிடப் பாலியல் தொல்லைச் சட்டம் ஆஸ்பத்திரியையும் பணியிடமாகத்தான் சொல்கிறது. தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு எழுதலாம், மகளிர் காவல் நிலையம் போகலாம், 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடலாம். தேதி, நேரம், யார் யார் இருந்தார்கள் என்று அன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள்.

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணைப் பெண் டாக்டர் மட்டும்தான் பார்க்கணுமா?

18 வயதுக்கு உட்பட்ட சிறுமி என்றால் ஆமாம், போக்சோ சட்டத்தின் 27-ஆவது பிரிவு பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும் என்கிறது, பெற்றோரோ சிறுமி நம்பும் ஒருவரோ கூட இருக்க வேண்டும். வளர்ந்த பெண் விஷயத்தில் அப்படிக் கட்டாயம் இல்லை, அவள் சம்மதம்தான் கட்டாயம். பெண் டாக்டர் இல்லை என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது, ஆண் டாக்டர் பார்த்தால் பெண் ஒருவர் கூட இருக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, இலவசமாக முதல் சிகிச்சை கொடுக்காமல் திருப்பி அனுப்ப முடியாது. உடலுறவு பழக்கம் உண்டா என்று பார்ப்பதாகச் சொல்லி இரு விரல் பரிசோதனை என்று ஒன்று முன்பு செய்தார்கள், அதைச் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இலும் 2022-இலும் சொல்லிவிட்டது.

பாதியில டாக்டரை மாத்தினா கோவிச்சுக்குவாங்களா?

கோபித்தாலும் பரவாயில்லை. ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது டாக்டர்களுக்கான நடத்தை விதியிலேயே இருக்கிறது. எட்டாம் மாதத்துக்கு மேல் மாற்றுவதாக இருந்தால் மட்டும், புது இடத்தில் ராத்திரி பிரசவத்துக்கு யார் வருவார்கள், ரத்தம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

உங்களுக்கு யார் பிரசவம் பார்த்தாங்க சிஸ்டர்?

மூத்தவளுக்கு லேடி டாக்டர். நானே தேடிப் பிடித்துப் போனேன், நான் நர்ஸ் என்பதால் கூச்சம் குறைந்துவிடவில்லை. இரண்டாவது பிரசவத்தில் நஞ்சுக்கொடி பிரியாமல் ரத்தம் கொட்டியது, விடிகாலை மூன்று மணி, இருந்தவர் ஓர் ஆண் டாக்டர், என்னைவிட வயதில் சின்னவர். ஒவ்வொரு தடவையும் "இப்ப கை வைக்கிறேன்மா, கொஞ்சம் வலிக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டார். என் தலைமாட்டில் நின்ற நர்ஸ் என் கையை விடவே இல்லை.

இப்போது கர்ப்பப்பையில் நார்க்கட்டிக்காக ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு லேடி டாக்டரிடம் காட்டுகிறேன். அவர் லீவில் இருந்தால் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடுவேன். போன வருடம் ஒரு தடவை ரத்தப்போக்கு அதிகமாகி மயக்கம் வந்தபோது, யார் டியூட்டி என்றுகூடக் கேட்காமல் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.